கடலுக்கு அப்பாலிருந்து ஒரு காவல்: ஐரோப்பா அமெரிக்காவை நம்பலாமா?

1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட வட அட்லாண்டிக் ஒப்பந்தம் மிகச் சிறியது. மொத்தம் 14 பிரிவுகள். அவற்றில் ஐந்தாவது பிரிவைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். உறுப்பு நாடு ஒன்றின் மேல் நடக்கும் ஆயுதத் தாக்குதல், எல்லா நாடுகளின் மேலும் நடந்த தாக்குதலாகக் கருதப்படும் என்பது அதன் முதல் பாதி. இரண்டாம் பாதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. தாக்கப்பட்ட நாட்டுக்கு மற்ற நாடுகள் ஒவ்வொன்றும், தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை எடுத்து உதவும் என்கிறது அது. படை அனுப்புவதும் அதில் அடங்கலாம், அடங்காமலும் போகலாம். எது அவசியம் என்ற முடிவு உதவிக்கு வர வேண்டிய நாட்டின் கையில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒப்பந்தத்தை அவரவர் அரசியல் சாசன நடைமுறைப்படி நிறைவேற்றுவது என்று 11ஆம் பிரிவு சொல்கிறது.

இந்த வாசகங்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கா தாமதமாக வந்து சேர்ந்ததைப் பார்த்த ஐரோப்பியர்கள், தாக்குதல் நடந்த அந்தக் கணமே தானாக நடைமுறைக்கு வரும் உறுதிமொழியை விரும்பினார்கள். போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உரியது, அதை முன்கூட்டியே இன்னொரு கண்டத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று அமெரிக்க செனட் உறுதியாக நின்றது. செனட் சொன்னதுதான் நடந்தது. ஆக, அமெரிக்காவை நம்பலாமா என்று இன்று ஐரோப்பியத் தலைநகரங்களில் எழும் கேள்வி டொனால்ட் டிரம்ப்போடு பிறந்ததில்லை. ஒப்பந்தத்தின் வரிகளுக்குள்ளேயே அது இருந்தது.

கடந்த முக்கால் நூற்றாண்டைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்குத் தென்படுவது இது: அமெரிக்கா கொடுத்த வாக்கை மீறிய இடங்களைவிட, அந்த வாக்கின் எல்லை எதுவரை என்று ஐரோப்பியர்கள் பார்க்காமல் விட்ட இடங்களே அதிகம்.

முதல் பெரிய அதிர்ச்சி 1956இல் வந்தது. ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு அக்டோபர் கடைசியில் எகிப்தைத் தாக்கின. வாஷிங்டனிடம் சொல்லவில்லை. நவம்பர் 6 அன்று அமெரிக்காவில் அதிபர் தேர்தல். அதே நாட்களில் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்திருந்தன. அமெரிக்க அதிபர் ஐசனோவர் கொதித்துப்போனார். அவர் ஒரு துப்பாக்கியைக்கூடத் தூக்கவில்லை, பவுண்டின் கழுத்தைப் பிடித்தார். பிரிட்டனின் டாலர் கையிருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. சர்வதேச நாணய நிதியத்தில் கடன் வாங்குவதற்கு அமெரிக்காவின் ஒப்புதல் வேண்டும். போர் நிற்காமல் அது கிடைக்காது என்று தெரிந்ததும், படையெடுப்பை முன்னின்று ஆதரித்த நிதியமைச்சர் ஹரால்ட் மாக்மில்லனே போரை நிறுத்தச் சொன்னார். நவம்பர் 6 நள்ளிரவில் சண்டை நின்றது. பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் தொலைபேசியில் முடிவைச் சொன்னபோது பிரெஞ்சுப் பிரதமர் கீ மோலே, பாரிஸ் வந்திருந்த ஜெர்மன் சான்சலர் அடெனாவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

எகிப்தைத் தாக்கியது நியாயமா என்பது வேறு விஷயம். என் பார்வையில் அது அப்பட்டமான காலனியப் படையெடுப்பு. ஐசனோவர் அதைத் தடுத்தது சரி. ஆனால் ஒரே சம்பவத்திலிருந்து இரண்டு நாடுகள் நேர் எதிரான பாடங்களைக் கற்றன என்பதுதான் இங்கே முக்கியம். இனி அமெரிக்காவை விட்டு விலகி எதையும் செய்யக் கூடாது என்று முடிவு செய்தது லண்டன். 1962 டிசம்பரில் பஹாமாஸின் நாசாவ் நகரில் அதிபர் கென்னடியைச் சந்தித்து போலாரிஸ் ஏவுகணைகளைக் கேட்டு வாங்கியது. இன்றும் பிரிட்டனின் நீர்மூழ்கிகளில் இருக்கும் டிரைடெண்ட் ஏவுகணைகள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள கிங்ஸ் பே தளத்தின் பொது இருப்பிலிருந்து வருபவை. குண்டு மட்டும்தான் பிரிட்டனுடையது. பாரிஸோ இனி யாரையும் நம்பி இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தது. 1960 பிப்ரவரி 13 அன்று சகாரா பாலைவனத்தில் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1966இல் அதிபர் டி கோல், வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பான நேட்டோவின் ஒருங்கிணைந்த ராணுவத் தலைமையிலிருந்து பிரான்சை வெளியேற்றினார், நேட்டோவின் தலைமையகம் பாரிஸை விட்டு பிரஸ்ஸல்ஸ் போனது. 2009இல் பிரான்ஸ் திரும்பி வந்துவிட்டாலும், அணு ஆயுதத்தைப் பற்றிப் பேசும் நேட்டோ குழுவில் மட்டும் இன்றுவரை சேரவில்லை.

டி கோலின் சந்தேகம் எளிமையானது. 1961இல் பாரிஸ் வந்த கென்னடியிடம் அவர் அதை நேராகவே கேட்டார்: பாரிஸுக்காக நியூயார்க்கை இழக்க நீங்கள் தயாரா? சோவியத் யூனியனால் அமெரிக்க நகரங்களை ஏவுகணையால் எட்ட முடியும் என்ற நிலை வந்தபிறகு இந்தக் கேள்விக்கு யாராலும் நேர்மையாக ‘ஆம்’ என்று சொல்ல முடியாது. 1964 முதல் 1970 வரை பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டெனிஸ் ஹீலி இதை வேறு கோணத்தில் பார்த்தார். அமெரிக்கா திருப்பி அடிக்கும் என்ற நம்பிக்கை ஐந்து சதவீதம் இருந்தாலே ரஷ்யர்கள் அடங்கிவிடுவார்கள், ஐரோப்பியர்களின் மனம் நிம்மதி அடைய 95 சதவீதம் வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்த விவாதம் முழுவதிலும் இதைவிடக் கூர்மையான அவதானிப்பை நான் பார்த்ததில்லை. எதிரி கவலைப்படுவதற்குச் சிறு சந்தேகம் போதும். காக்கப்படுகிறவர் தூங்குவதற்குச் சிறு சந்தேகமும் இருக்கக் கூடாது.

சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் துருக்கியைக் கேட்கலாம். 1962இல் கியூபா நெருக்கடியைத் தீர்க்க, துருக்கி மண்ணில் இருந்த ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்கா மாஸ்கோவுக்கு ரகசிய வாக்குக் கொடுத்தது. துருக்கியிடம் கேட்கவில்லை. 1964 ஜூனில், சைப்ரஸில் துருக்கி படை இறக்கப்போகிறது என்று தெரிந்ததும் அதிபர் ஜான்சன் பிரதமர் இனோனுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதனால் சோவியத் யூனியன் தலையிட்டால், உங்களைக் காக்கும் கடமை நேட்டோ நாடுகளுக்கு உண்டா என்பதை அவை இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. ராஜதந்திர மொழியில் இதைவிட அப்பட்டமாகச் சொல்ல முடியாது. அங்காராவின் அமெரிக்க அவநம்பிக்கைக்கு அந்தக் கடிதத்தில் ஒரு வேர் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மேற்கு ஐரோப்பா நாற்பது ஆண்டுகள் நிம்மதியாக இருந்தது எப்படி? ஒப்பந்தத்தின் சொற்களைவிட அங்கே நின்ற மனிதர்களே காரணம் என்று நினைக்கிறேன். பனிப்போர் காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் ஐரோப்பாவில் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு ஜெர்மனியில், மனைவி மக்களோடு. சோவியத் படை எல்லை தாண்டினால் முதல் நாளிலேயே அமெரிக்கர்கள் சாவார்கள். அப்போது காங்கிரஸ் எதை அவசியம் என்று கருதும் என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தப் படையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்ட் 1971இல் திருத்தம் கொண்டுவந்தார். செனட்டில் 61க்கு 36 என்ற கணக்கில் அது தோற்றது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆதரவு இருந்ததையும் கவனிக்க வேண்டும். இன்று ஐரோப்பாவில் இருக்கும் அமெரிக்கப் படை சுமார் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாவது பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் நடைமுறைக்கு வந்தது: 2001 செப்டம்பர் 12 அன்று, அமெரிக்காவுக்காக. ஐரோப்பியர்கள் ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள். பிரிட்டன் மட்டும் 457 பேரை இழந்தது. அதே சமயம் அமெரிக்கர்களின் மனக்குறையும் பொய் இல்லை. 2011இல் லிபியாவின் மேல் நடந்த வான்தாக்குதலில் சில வாரங்களிலேயே ஐரோப்பிய விமானப் படைகளுக்குக் குண்டுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த ஜூன் மாதம் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸுக்கு வந்து, தங்களுக்காகச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்காகச் செலவழிக்கும் பொறுமை அமெரிக்காவில் தீர்ந்துவருகிறது என்று எச்சரித்தார். அவர் டிரம்ப் ஆள் இல்லை. ஒபாமா அரசில் இருந்தவர். 2014இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடுவது என்று வேல்ஸ் மாநாட்டில் முடிவு செய்தபோது, அதை எட்டியிருந்த நேட்டோ நாடுகள் மூன்றே மூன்று. பத்து ஆண்டுகள் கழித்து, உக்ரைனில் முழுப் போர் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. பணக்கார நாடுகளின் இந்த அலட்சியத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

அப்படியானால் இப்போது புதிதாக என்ன நடந்துவிட்டது? முன்பெல்லாம் அமெரிக்கா வருமா என்பது ஐரோப்பியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பயம். இப்போது அந்தப் பயத்தை அமெரிக்க அதிபரே வாய்விட்டுச் சொல்கிறார். 2024 பிப்ரவரியில் தெற்கு கரோலினா பிரச்சாரக் கூட்டத்தில், பாக்கி வைத்திருக்கும் நாடுகளை ரஷ்யா என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று ஊக்குவிப்பேன் என்றார், அப்போது வேட்பாளராக இருந்த டிரம்ப். 2025 மார்ச் தொடக்கத்தில் உக்ரைனுக்கான ஆயுத உதவியும் உளவுத் தகவலும் நிறுத்தப்பட்டன. வணிகச் செயற்கைக்கோள் படங்கள்கூட உக்ரைனியர்களுக்குக் கிடைக்காமல் போயின. அந்த நாட்களில் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் அவர்களின் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. மார்ச் 11 அன்று ஜெட்டாவில் அமெரிக்க-உக்ரைன் பேச்சு நடந்த பிறகு எல்லாம் மீண்டும் வந்தன. உக்ரைன் நேட்டோ உறுப்பினர் இல்லைதான். ஆனால் அந்த ஒரு வாரத்தை வார்சாவும் டாலினும் ஹெல்சின்கியும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. வாஷிங்டன் நினைத்தால் ஒரு நாட்டின் கண்ணைப் போரின் நடுவில் மூட முடியும் என்று அவை தெரிந்துகொண்டன.

டென்மார்க்கின் கதையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியின் முழு வேதனையும் அந்தச் சிறிய நாட்டில் இருக்கிறது. 1951 ஒப்பந்தத்தின்படி, டென்மார்க்கின் கீழ் உள்ள கிரீன்லாந்தில் தூலே என்ற இடத்தில் அமெரிக்கா தளம் அமைத்தது. இன்று அதன் பெயர் பிட்டுஃபிக். தளத்தை விரிவாக்குவதற்காக 1953இல் அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த இனுகுயிட் குடும்பங்களை டென்மார்க் அரசு வடக்கே அப்புறப்படுத்தியது. தன் மண்ணில் அணு ஆயுதம் இருக்கக் கூடாது என்பது டென்மார்க்கின் கொள்கை. ஆனால் 1957இல் பிரதமர் ஹான்சன் கிரீன்லாந்து விஷயத்தில் கண்டும் காணாமல் இருப்பதாக அமெரிக்கர்களுக்கு ஒரு ரகசியக் கடிதத்தில் உணர்த்தினார். 1968 ஜனவரி 21 அன்று நான்கு ஹைட்ரஜன் குண்டுகளைச் சுமந்த பி-52 விமானம் தூலே அருகே கடல் பனியில் விழுந்து நொறுங்கி, புளூட்டோனியம் சிதறியது. ஹான்சனின் கடிதம் வெளியே தெரிந்தது 1995இல்தான். கூட்டாளியைத் திருப்திப்படுத்த ஓர் அரசு தன் மக்களிடமே எவ்வளவு மறைக்க நேரும் என்பதற்கு இது சாட்சி.

அதற்கும் டென்மார்க் முகம் சுளிக்கவில்லை. 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானின் ஹெல்மாண்டில், சண்டை மிகக் கடுமையாக நடந்த இடத்தில், டேனிஷ் வீரர்கள் நின்றார்கள். 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சுமார் 55 லட்சம் மக்கள்தொகை கொண்ட நாட்டுக்கு இது மிகப் பெரிய இழப்பு. ஈராக் போருக்கும் போனார்கள். 2025 ஜனவரி 7 அன்று, கிரீன்லாந்தைப் பெறுவதற்கு ராணுவ பலத்தையோ பொருளாதார நெருக்கடியையோ பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியுமா என்று நிருபர்கள் கேட்டபோது, முடியாது என்றார் டிரம்ப். வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தில் முதல் நாளே கையெழுத்திட்ட ஒரு நாட்டின் நிலப்பகுதியைப் பற்றி, அந்த ஒப்பந்தத்தின் தூணாகிய நாட்டின் தலைவர் இப்படிப் பேசியது எனக்கு இன்னமும் ஆறவில்லை. இறந்துபோன அந்த வீரர்களின் பெற்றோர் எந்த மனநிலையில் அதைக் கேட்டிருப்பார்கள்?

கோபன்ஹேகன் அதன் பிறகு செய்ததைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் நெடுந்தூர வான்பாதுகாப்புக்கு அமெரிக்காவின் பேட்ரியட்டை விட்டுவிட்டு பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து தயாரிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்களில் மேலும் 16 வாங்கப்போவதாக அறிவித்தது. முரண்பாடு போலத் தெரியும் இந்த இரண்டு முடிவுகளிலும் ஐரோப்பாவின் இன்றைய நிலைமை அடங்கியிருக்கிறது. விலக வேண்டும் என்று தெரிகிறது, விலகி நிற்கக் கால் இல்லை. எஃப்-35 விமானத்தைத் தொலைவிலிருந்து அணைத்துவிடும் ரகசியப் பொத்தான் இருக்கிறது என்று 2025இல் ஒரு பேச்சு பரவியது. அதற்கு ஆதாரம் இல்லை, தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். பொத்தான் தேவையும் இல்லை. மென்பொருள் புதுப்பிப்பும் உதிரி பாகமும் நின்றால் சில மாதங்களில் அது பறக்காது.

விமானத்தோடு பட்டியல் முடிவதில்லை. உளவுச் செயற்கைக்கோள், வானில் எரிபொருள் நிரப்பும் விமானம், கனரகப் போக்குவரத்து விமானம், எதிரியின் வான்பாதுகாப்பை முடக்கும் கருவிகள் என்று போரின் நரம்புகள் எல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை. நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதியாக ஐசனோவர் முதல் இன்றுவரை அமெரிக்கர் மட்டுமே இருந்திருக்கிறார். பணத்திலும் இதே நிலைதான். 2018இல் ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து டிரம்ப் விலகியபோது, ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவோம் என்று ஐரோப்பிய அரசுகள் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அவர்களின் நிறுவனங்கள் டாலர் தடைக்குப் பயந்து ஈரானை விட்டு ஓடின. ரஷ்ய எரிவாயுவைப் பெருமளவு குறைத்த பிறகு கப்பலில் வரும் திரவ எரிவாயுவில் கிட்டத்தட்டப் பாதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அமெரிக்காவிடமிருந்து வாங்கியது.

இந்த இடத்தில் ‘ஐரோப்பியர்கள்’ என்று ஒரே மூச்சில் பேசுவதில் ஒரு பிழை இருக்கிறது. ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை கொண்ட ஃபின்லாந்து, பல பத்தாண்டு நடுநிலையை விட்டுவிட்டு 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. இருநூறு ஆண்டுகள் அணி சேராதிருந்த ஸ்வீடன் 2024 மார்ச்சில் வந்தது. ஆபத்துக்கு மிக அருகில் இருப்பவர்களே அமெரிக்காவை விடாமல் பற்றிக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால் போலந்துக்காரர் 1939ஐச் சொல்வார். அந்த செப்டம்பர் 3 அன்று பிரிட்டனும் பிரான்சும் போலந்துக்காகப் போர் அறிவித்தன, ஆனால் வார்சா வீழும்வரை உருப்படியாக எதுவும் செய்யவில்லை. கிரைமியாவை ரஷ்யா விழுங்கிய பிறகும், போலந்தும் பால்டிக் நாடுகளும் கெஞ்சியும் கேளாமல், இரண்டாவது நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாயை பால்டிக் கடலுக்கு அடியில் கட்ட ரஷ்யாவுக்கு இடம் கொடுத்தது ஜெர்மனி. 1954 ஆகஸ்ட் 30 அன்று ஐரோப்பாவுக்கென்று ஒரு பொது ராணுவம் அமைக்கும் திட்டத்தைக் கொன்றதும் அதை முன்மொழிந்த பிரான்சின் நாடாளுமன்றமே. வாஷிங்டனை நம்ப முடியாது என்று பாரிஸும் பெர்லினும் சொல்லும்போது, உங்களை நம்பலாமா என்று வில்னியஸ் திருப்பிக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

அமெரிக்கா கைகழுவிவிட்டது என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலோ காங்கிரசின் தனிச் சட்டமோ இல்லாமல் எந்த அதிபரும் நேட்டோவை விட்டு விலகக் கூடாது என்று 2023 டிசம்பரில் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் இன்றைய வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ. ஆனால் விலகாமலே உதவாமல் இருக்க முடியும், ஒப்பந்தத்தின் வாசகமே அதற்கு இடம் தருகிறது. சுமார் 61 பில்லியன் டாலர் உக்ரைன் உதவி 2024 ஏப்ரல்வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தபோது, குண்டுத் தட்டுப்பாட்டோடு போராடிய உக்ரைனியப் படை பிப்ரவரியில் அவ்தீவ்காவை இழந்தது. எந்த ஒப்பந்தமும் மீறப்படவில்லை, ஊர் போய்விட்டது.

ஆகவே என் முடிவு இது. தன் நலனும் ஐரோப்பாவின் நலனும் ஒரே திசையில் போகும்வரை அமெரிக்காவை நம்பலாம். அதற்கு மேல் நம்பும்படி அமெரிக்கா எழுத்தில் ஒருபோதும் சொன்னதில்லை. 44 கோடிக்கும் மேல் மக்களைக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யாவைப் போலப் பல மடங்கு பெரிய பொருளாதாரத்தை வைத்துக்கொண்டு, பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் சில ஆயிரம் வாக்குகள் எந்தப் பக்கம் சாயும் என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கூட்டணியை உடைக்க வேண்டியதில்லை. அது இல்லாமலும் பால்டிக் நாடுகளைக் காக்க முடியும் என்ற நிலைக்கு வர வேண்டும். அப்போதுதான் கூட்டணியிலும் மரியாதை இருக்கும்.

அதற்கான வேலை தொடங்கியிருக்கிறது. 2025 மார்ச்சில் ஜெர்மனி தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவைக் கடன் வரம்பிலிருந்து விடுவித்தது. ஜூலையில் பிரான்சும் பிரிட்டனும் தங்கள் அணு ஆயுதக் கொள்கைகளை ஒருங்கிணைப்பதாக நார்த்வுட்டில் அறிவித்தன. இரண்டின் குண்டுகளையும் சேர்த்தால் சுமார் 500தான், ரஷ்யாவிடம் பல ஆயிரம். தி ஹேக் மாநாட்டில் நேட்டோ நாடுகள் 2035க்குள் பாதுகாப்புக்கு 5 சதவீதம் செலவிடுவதாக ஒப்புக்கொண்டன. வேல்ஸில் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று பார்த்தவர்கள் இந்த எண்ணை நம்பி மகிழ மாட்டார்கள்.

வாசகர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. லித்துவேனியாவில், பெலாரஸ் எல்லைக்கு அருகே ரூட்னின்காய் என்ற இடத்தில் ஜெர்மனியின் 45ஆவது கவசப் படைப்பிரிவுக்கு முகாம் கட்டப்பட்டுவருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி வெளிநாட்டில் நிரந்தரமாக நிறுத்தும் முதல் முழுப் படைப்பிரிவு இது. 2027 முடிவுக்குள் சுமார் 5,000 பேர், குடும்பங்களோடு, அங்கே இருக்க வேண்டும் என்பது திட்டம். அந்தத் தேதிக்கு அந்த எண்ணிக்கை வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.